கொடிமரத்தடியில் தேடப்பட்ட அப்பாமார்

போன கோடைக்கு முன் என்னை மறுபடியும் நான் வேலை செய்த, கூடாரம் போட்டுத் தங்கும் அந்தக் காம்பிங் திடலுக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிடுகிறார்கள் என்றால் ஒன்றில் சாவி தொலைந்திருக்க வேண்டும், அல்லது குழாய் அடைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இரண்டும் இல்லை. புதிய நிர்வாகி, என் மகளைவிட இளையவர், புதிதாகப் போட்டிருக்கும் கூடாரங்களைப் பெருமையோடு காட்டினார். கூடாரத்துக்குள் இரட்டைக் கட்டில். கட்டிலுக்கு மேலே தொங்கும் விளக்கு. மூலையில் கோப்பி இயந்திரம், கீழே ஆட்டுத்தோல். ஓர் இரவுக்கு என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். இந்தக் காசுக்குப் பக்கத்து நகரம் ஹோர்சன்ஸில் நல்ல ஹோட்டலிலேயே படுக்கலாமே என்றேன். "ஆனால் இது காம்பிங் அல்லவா" என்றார், என்மீது இரக்கப்பட்டவராக.

பிறகு கோடை வேலைக்கு வந்திருந்த பிள்ளைகளுக்குப் பழைய காலத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கச் சொன்னார். நான் சொன்னதில் பாதி அவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது, மீதி விளங்கவில்லை. வரவேற்பறையில் வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி மட்டும் பின்னாலேயே வந்தாள். "மாமா, இதைத் தமிழிலை எழுதித் தாங்கோ. அம்மாவைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேக்கிறன்" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய அம்மா கொஞ்சம் மெதுவாக வாசித்தால் நல்லது.

நான் மன்னார்க்காரன். எண்பதுகளின் நடுவில் அகதியாக டென்மார்க்குக்கு வந்து, முதல் குளிர்காலம் முழுவதையும் டேனிஷ் வகுப்பில் கொட்டாவி விட்டுக் கழித்தேன். பனி உருகியதும் கம்யூன்காரர், அதாவது நகரசபைக்காரர், என்னைக் கடற்கரையோரத்துக் காம்பிங் திடலுக்கு வேலைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு கோடைக்கு மட்டும் என்றுதான் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். இடையில் புல்லு வெட்டவும், குழாய் மாற்றவும், மின்பெட்டி திறக்கவும் படித்தேன். அவை எல்லாம் எங்கேயும் படிக்கக்கூடியவை. கிர்ஸ்டனிடம் படித்ததை வேறெங்கும் படிக்க முடியாது.

கிர்ஸ்டன்தான் திடலின் சொந்தக்காரி. கணவர் இறந்தபின் தனியாக நடத்தினார். நல்ல உயரம், நரைத்த குட்டை முடி, மழையோ வெயிலோ ஒரே நீல மேற்சட்டை. கையில் எப்போதும் ஒரு மூங்கில் தடி இருக்கும். சரியாக மூன்று மீற்றர். கூடாரத்துக்கும் கூடாரத்துக்கும் இடையில் மூன்று மீற்றர் இருக்க வேண்டும் என்பது தீயணைப்புச் சட்டம். மற்றவர்கள் கண்ணால் மதிப்பிடுவார்கள். கிர்ஸ்டன் தடியைக் கிடத்தி அளப்பார்.

அவர் ஒருபோதும் சத்தம் போட்டதில்லை. "நோ" என்பார், அவ்வளவுதான். இது ஆங்கிலத்து நோ இல்லை. டேனிஷ்காரர் எதற்கும் எழுப்பும் ஒரு சத்தம். கிர்ஸ்டன் அதைக் குட்டையாகச் சொன்னால், கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். இரண்டு முறை சொன்னால் வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும். நீளமாக இழுத்தாரானால், நீ சொன்னதை நான் நம்பவில்லை, ஆனாலும் போகட்டும் என்று அர்த்தம். டேனிஷ் மொழியில் நான் முதலில் சரியாகப் படித்த பாடம் இதுதான்.

என் முழுப்பெயர் மரியதாஸ். மரியா என்பது பெண்பிள்ளைப் பெயர், தாஸ் என்றே கூப்பிடட்டுமா என்று முதல் நாளே கேட்டார். கேட்கும்போது அவர் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. பழைய டேனிஷில் அந்தச் சத்தத்துக்குக் கக்கூஸ் என்று பொருள் இருப்பதை நான் அடுத்த வருடம்தான் அறிந்தேன். அதற்குள் திடலே என்னை அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டது. செய்கிற வேலையும் அதுதானே என்று விட்டுவிட்டேன்.

மலசலகூடம் கழுவுவதற்குக் கிர்ஸ்டன் வைத்திருந்த முறையைச் சொல்ல வேண்டும். முதலில் கண்ணாடி, பிறகு கைகழுவும் தொட்டி, பிறகு கதவுப் பிடிகள், அதற்குப் பிறகுதான் மற்றது. எதிலும் மேலிருந்து கீழே. நிலத்தைக் கடைசியாக, உள்மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்பக்கமாக நடந்து துடைக்க வேண்டும். சொந்தக் காலடியை விட்டுவிட்டு வருகிறவன் சுத்தம் செய்யவில்லை, உலாவிவிட்டு வந்திருக்கிறான் என்பார். நான் முடித்ததும் அவர் வந்து வாசலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். மூக்கால் ஒரு முறை இழுப்பார். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் மூக்குத்தான் தீர்ப்புச் சொல்லும். முதல் மாதம் எனக்கு இரட்டை நோதான்.

அந்த முதல் கோடையில் எனக்கு ஒன்று மட்டும் விளங்கவேயில்லை. இவர்களுக்கு வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, வீட்டுக்குள் சுடுதண்ணீர் இருக்கிறது. அதையெல்லாம் பூட்டிவிட்டு வந்து நிலத்தில் படுக்கிறார்கள். காலையில் வங்கி முகாமையாளர் நித்திரை உடுப்போடு, ரொய்லற் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். எனக்குக் குட்மோர்ன் சொல்கிறார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட அதிபர், அவர் கக்கத்திலும் அதே.

கிர்ஸ்டனிடமே கேட்டேன். ஹோட்டலில் ஓர் இரவுக்குக் கொடுப்பதில் இங்கே ஒரு குடும்பம் ஒரு வாரம் இருக்கலாம், அது ஒன்று என்றார். மற்றது, ஹோட்டலில் பிள்ளைகளிடம் நாள் முழுக்க ஓடாதே, சத்தம் போடாதே என்று சொல்ல வேண்டும். இங்கே காலைச் சாப்பாடு முடிந்ததும் போய் ஓடுங்கள் என்று துரத்திவிட்டு அப்பாவும் அம்மாவும் கதிரையில் சாயலாம். அதுதான் விடுமுறை என்றார்.

ஓடுங்கள் என்று விட்டால் பிள்ளைகள் தொலைவார்கள். தொழிற்சாலைகள் எல்லாம் ஒன்றாக மூடும் யூலை வாரங்களில் திடல் நிரம்பி வழியும். எங்கே பார்த்தாலும் காரின் பின்னால் இழுத்துவரும் ஒரே மாதிரி வெள்ளைக் காரவன் வண்டிகள், பெரியவர்களே வழி மாறிப் பக்கத்துக் காரவனுக்குள் ஏறியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை தொலைந்தது என்று கிர்ஸ்டன் முன்னால் சொல்லக்கூடாது. "பிள்ளை இங்கே நிற்கிறது. நமக்குத் தெரியும் அது எங்கே என்று. தொலைந்தது அப்பா" என்பார்.

தொலைந்த அப்பாவைக் கண்டுபிடிப்பதற்கும் முறை இருந்தது. பிள்ளையை நடுத்திடலில் கொடிமரத்தடி வாங்குப் பலகையில் இருத்த வேண்டும். ஒரு குவளை பழரசம் கொடுக்க வேண்டும். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கக்கூடாது, தெரிந்தால் அது ஏன் அழப்போகிறது. அப்பா எப்படி இருப்பார் என்றுதான் கேட்க வேண்டும். பிள்ளை சொல்லும் அடையாளத்தை வைத்துக்கொண்டு பணியாள், அதாவது நான், போய்த் தேடிக் கூட்டிவர வேண்டும். கூட்டிவந்தவரிடம் பிள்ளையை உடனே கொடுத்துவிடக் கூடாது. இவர்தான் உன் அப்பாவா என்று கிர்ஸ்டன் பிள்ளையைக் கேட்பார். பிள்ளை தன் வாயால் ஆம் சொல்ல வேண்டும். பெரியவர் என்ன சொன்னாலும் கணக்கில்லை.

ஒரு முறை ஒல்லியான ஒரு பொடியன், பழரசத்தை இன்னொரு குவளை குடிக்கும் ஆசையில், அப்பாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு இந்த ஆளைத் தெரியாது என்று சொல்லிவிட்டான். அப்பா மிகப் பெரிய வழக்கறிஞர். சட்டம் பேசினார், கடவுச்சீட்டைக் காட்டினார். கிர்ஸ்டன் அசையவில்லை. பொடியனுக்கு வயிறு நிறைந்து மனம் இளகும்வரை வழக்கறிஞர் வெயிலில் நின்றார். எனக்கு அன்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஏனென்றால் அந்த நாட்களில் என் பிள்ளை யாருடைய பிள்ளை என்று இந்த நாட்டுக்கு எழுதி எழுதியே நான் களைத்துப் போயிருந்தேன்.

நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது என் மனைவி பிலோமினா வயிற்றில் பிள்ளை. வந்த பிறகுதான் ஜெனிற்றா பிறந்தாள். மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட எனக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொன்னது, விண்ணப்பமும் போட்டாயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு மட்டுமில்லை, தமிழர் எல்லாருக்கும் அப்படித்தான். மேலிடத்துச் சொல்லில் எங்கள் விண்ணப்பங்கள் எல்லாம் கட்டாகக் கிடப்பில் கிடந்தன என்பது பின்னாளில் வெளியே வந்தது. தமிழர் விவகாரம் என்று பெயராகி, ஓர் அரசாங்கமே அதில் விழுந்தது. ஆனால் அதை எல்லாம் அப்போது யார் அறிவார். என் முகத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிர்ஸ்டன் அதைப் பிழையான குழாயைப் போல எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை கொடியேற்றி முடிந்ததும் குடிவரவு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பார். என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வார். பரிசீலனையில் இருக்கிறது என்று அங்கிருந்து பதில் வரும். "நோ, நோ" என்பார். அந்த இரட்டை நோவின் அர்த்தம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாதது பெரிய பரிதாபம். ஒரு கூடார இடத்துக்கு ஒரு விருந்தாளியை இப்படிக் காக்க வைத்தால் நான் திடலை மூடிவிட வேண்டும் என்று ஒரு நாள் அவர்களிடமே சொன்னார்.

கடைசியில் ஒரு இலையுதிர்காலத்தில் இருவரும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் ஜெனிற்றா தாயின் சேலைக்குப் பின்னால் நின்றாள். ஆறு வயது. அப்பாவுக்கு முத்தம் குடு என்று தாய் முன்னே தள்ள, அவள் என் சப்பாத்தையே பார்த்தாள். குளிர், பயணக் களைப்பு, பழகினால் சரியாகும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

பழகினாள், என்னைத் தவிர எல்லாரோடும். பள்ளிக்கூடத்தில் மூன்றே மாதத்தில் டேனிஷ் பிடித்தாள். ஞாயிறு பூசைக்கு வருகிற அத்தனை பேரையும் மாமா, மாமி, சித்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். ஹோர்சன்ஸில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த சவிரி அண்ணையைப் பிலோமினா அண்ணை என்று கூப்பிட்டதால், இவளுக்கு அவர் முதல் நாளே சவிரி மாமா. அவர் தோளில் ஏறிப் போவாள். எனக்கு மட்டும் ஒரு சொல்லும் இல்லை. சாப்பாட்டு மேசையில் என் முன்னால் இருக்கும் உப்பு வேண்டுமென்றால், "அம்மா, அவரை உப்பைத் தரச் சொல்லுங்கோ" என்பாள். நான் உப்பைக் கொடுப்பேன். "அம்மா, அவருக்கு நன்றி சொல்லுங்கோ." மரியாதைக்குக் குறைவே இல்லை.

வெளியே சிரித்தாலும் உள்ளே அது என்னை அரித்தது. அவள் வாயிலிருந்து அப்பா என்ற ஒரு சொல் வந்தால் போதும் என்றிருந்தது. கட்டாயப்படுத்த வேண்டாம் என்று பிலோமினா சொல்லிவிட்டாள். கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டுதான் நுழைந்தேன்.

அடுத்த கோடை வருமுன் ஜெனிற்றா ஒரு விண்ணப்பம் வைத்தாள். வழக்கம்போலத் தாய் மூலம். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும் எல்லாப் பிள்ளைகளும் எங்கே போனோம் என்று படம் கீறிக் காட்ட வேண்டுமாம். "அம்மா, அவரிட்டக் கேளுங்கோ, எங்களுக்கும் ஒரு ரென்ற் வாங்கேலாதோ எண்டு."

அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அந்தக் கூடாரம். அன்றைக்கே வாங்கப் புறப்பட்டேன். பிலோமினா மறித்தாள்.

"வீட்டுக்கு வாடகை குடுத்துக்கொண்டு, அதைப் பூட்டிப்போட்டு வெளியிலை போய்ப் படுக்கிறதோ? அதுவும் நீங்கள் கக்கூஸ் கழுவுற இடத்திலையோ?"

சவிரி அண்ணையிடம் ஆலோசனை கேட்டோம். அவர் கடற்கரை ஹோட்டல் ஒன்றுக்கு விலை விசாரித்து, ஓர் இரவுக்கு எத்தனை பன்றி வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கூடாரம்தான் சரி என்றார். தானும் வருவதாகச் சொன்னார். அவர் வந்தால் தனியாக வருவாரா. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தன. எல்லாரும் என்னைப் போல நெடுங்காலம் காத்திருந்து குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டவர்கள்தான். மனைவிக்கும் கணவனுக்குமே இன்னும் கதைக்க விஷயம் தேடவேண்டியிருந்த காலம் அது.

கிர்ஸ்டன் வேலியோரமாக ஐந்து இடங்களை எனக்கு மலிவாகத் தந்தார். எனக்கு விடுமுறை மட்டும் தரவில்லை. யூலையில் எனக்கு விடுமுறை தந்தால் யார் கழுவுவது. ஆகவே குடும்பம் விருந்தாளி, நான் வேலைக்காரன் என்று ஒழுங்கானது. ஒரு நிபந்தனையும் போட்டார். திடலில் ஆண்டு முழுவதும் காரவன் நிறுத்தியிருக்கும் பழைய ஆட்கள் உண்டு. அவர்களின் தலைவர் ஊவ, தன் காரவன் முன்னால் பூந்தொட்டியும் குட்டிக் கொடிமரமும் வைத்திருப்பவர். அவர் சட்டப்படி ஒரு முறைப்பாடு கொண்டுவந்து அது சரியாகவும் இருந்தால், ஐந்து குடும்பத்தையும் அன்றே வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்றார். நான் சவிரி அண்ணை வீட்டில் எல்லாரையும் கூட்டி விதிகளைச் சொன்னேன். மூன்று மீற்றர் என்று மூன்று முறை சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சனிக்கிழமை அவர்கள் வந்து இறங்கியபோது நான் தூரத்துக் கட்டடத்தில் கழுவிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வந்து பார்த்தேன். ஐந்து கூடாரமும் முகத்துக்கு முகம் பார்த்து வட்டமாக நின்றன. நடுவிலே மேலே ஒரு பெரிய நீலப் படங்கு, மரத்துக்கு மரம் கயிறு இழுத்து, ஒரு துளி வெயில் உள்ளே விழாதபடி. கீழே பாய். பாய்க்கு நடுவில் மாதாவின் சிறு சிலை, சுருவம். ஒரு பக்கம் எல்லாருக்கும் ஒரே சமையல், சவிரி அண்ணையின் மனைவி திரேசம்மா அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். மன்னாரில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குப் போனால் எங்கள் ஆட்கள் காட்டுக்குள் இப்படித்தான் கொட்டில் போட்டு நாட்கணக்காக இருப்பார்கள். காம்பிங் என்ன, இவர்கள் பிறந்ததிலிருந்து செய்து வந்தது. மூன்று மீற்றர் மட்டும்தான் புதிது.

"அண்ணை, மூண்டு மீற்றர் எண்டு சொன்னனானல்லே?"

சவிரி அண்ணை கயிற்றை இறுக்கியபடியே திரும்பினார்.

"மூண்டு மீற்றர் தள்ளித் தள்ளிக் கட்டினால் பிறகு ஆர் ஆரோடை கதைக்கிறது, தாஸ்? அதுக்கு வீட்டிலையே இருந்திருக்கலாமே."

பிரிக்கச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஊவ அளவு நாடாவோடு கிர்ஸ்டனிடம் போவதையும், கொஞ்ச நேரத்தில் கிர்ஸ்டன் தடியோடு வருவதையும் கண்டேன். வேலை போனாலும் போகட்டும், பிள்ளையின் ரென்ற் முதல் நாளே பிடுங்கப்படப் போகிறதே என்றுதான் நினைத்தேன்.

கிர்ஸ்டன் தடியைக் கூடாரங்களுக்கு இடையில் கிடத்தப் பார்த்தார். கிடத்த இடம் இல்லை. தடியை நிமிர்த்தி ஊன்றிக்கொண்டு படங்கைப் பார்த்தார். மூன்று மீற்றர் என்பது வேறு வேறு ஆட்களின் கூடாரங்களுக்கு இடையில், ஒரே குடும்பம் தன் கூடாரங்களைச் சேர்த்துப் போடலாம் என்று சட்டத்தை வாசிப்பதுபோலச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்.

"நீங்கள் ஒரே குடும்பமா?"

நான் பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் முழித்தேன். அவர் என்னை விட்டுவிட்டார். பெரியவர் சொல்வது கணக்கில்லையே. வட்டத்துக்குள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, தடியின் நுனியால் சவிரி அண்ணையைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார்.

பிள்ளைகள் எல்லாம் டேனிஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். டேனிஷில் அம்மாவின் சகோதரனுக்கு ஒரு சொல், அப்பாவின் சகோதரனுக்கு வேறு சொல், அம்மாவின் தங்கைக்கு ஒன்று, அப்பாவின் தங்கைக்கு இன்னொன்று என்று எங்களைப் போலவே நான்கும் உண்டு. பிள்ளைகளுக்கு அதைப் படிப்பது பச்சைத் தண்ணீர் குடிப்பது மாதிரி இருந்திருக்கும். ஜெனிற்றா முன்னே வந்து அம்மாவின் சகோதரன் என்றாள். திரேசம்மா அக்காவின் பக்கம் தடி போனது. அவர் மனைவி என்றாள். இன்னொரு பெண்பிள்ளை வந்து என் பிலோமினாவைத் தன் அப்பாவின் தங்கை என்றாள். இவர் ஒருவனுக்குச் சித்தப்பா, அவர் ஒருத்திக்குச் சின்னம்மா என்று தடி வட்டமாகச் சுற்றி வந்தது. ஒரு பிள்ளையும் தடுமாறவில்லை, ஒன்றும் பொய் சொல்லவுமில்லை. அவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஊவ அளவு நாடாவைச் சுருட்டவும் விரிக்கவுமாக நின்றார்.

கடைசியில் தடி என்னிடம் வந்தது. இவர் யார் என்று கிர்ஸ்டன் ஜெனிற்றாவைக் கேட்டார்.

 பிலோமினா கரண்டியோடு நின்றுவிட்டாள். ஜெனிற்றா என் பச்சை றப்பர் பூட்சைப் பார்த்தாள், கையிலிருந்த நிலம் துடைக்கும் மொப்பைப் பார்த்தாள்.

"இவர் இங்கே வேலை செய்கிறவர்" என்றாள் டேனிஷில்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு மொப்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கிர்ஸ்டன் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. "நோ" என்றார், குட்டையாக. பிறகு ஊவ பக்கம் திரும்பி, இது ஒரே குடும்பம், ஆகவே ஒரே கூடாரம், உள்ளே அளக்கத் தேவையில்லை, வெளிச்சுற்றுக்கு மட்டும் மூன்று மீற்றர் விட வேண்டும், அடுப்பு படங்குக்கு வெளியே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். ஊவ வெளிச்சுற்றை நான்கு பக்கமும் அளந்தார். வேலிக்குப் பக்கமாக ஒரு சாண் கூடவே இருந்தது. அவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

அந்த வாரம் நல்ல வாரம்தான். விருந்தாளிகளுக்கு. நான் கழுவிக்கொண்டு, அடைத்ததைக் குத்திக்கொண்டு, காரவன்காரர் கழிவு வாளிகளைக் கொட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். தூரத்தில் படங்குக்குக் கீழேயிருந்து எங்கள் ஆட்களின் சிரிப்புக் கேட்கும். சாப்பிட மட்டும் போவேன். அங்கே ஒரு புதினம் நடந்துகொண்டிருந்தது. இத்தனை காலம் கதைக்க விஷயம் தேடிய கணவன் மனைவிமார், ஆளுக்கொரு பாயில் சாய்ந்துகொண்டு கதை கதையென்று கதைத்தார்கள். போய் ஓடுங்கள் என்று பிள்ளைகளைத் துரத்தியும் விட்டார்கள். கிர்ஸ்டன் சொன்ன விடுமுறை அதுதான் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஜெனிற்றா மட்டும் நான் வந்தால் கொஞ்சம் தள்ளி இருந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "அம்மா, அவருக்கு இன்னும் கறி போடுங்கோ" என்று ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டேன்.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், பெண்கள் பக்கத்துக் கழிவறை ஒன்று அடைத்து நின்றது. யாரோ ஒரு பிள்ளையின் நீச்சல் உடுப்பைப் போட்டு இழுத்துவிட்டிருந்தார்கள். முழங்கை வரை கையுறை போட்டுக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி கரகரத்தது. கிர்ஸ்டனின் குரல். தாஸ் கொடிமரத்துக்கு வரவும், ஓர் அப்பா தொலைந்துவிட்டார்.

சனியன், இந்த நேரத்திலா என்று திட்டிக்கொண்டு கையுறையைக் கழற்றிவிட்டுப் போனேன். கொடிமரத்தடி வாங்கில், கால்கள் நிலத்தைத் தொடாமல், இரண்டு கையாலும் பழரசக் குவளையைப் பிடித்துக்கொண்டு ஜெனிற்றா இருந்தாள். கன்னத்தில் அழுத கோடு காய்ந்திருந்தது. தண்ணீர் எடுக்கக் குழாய்க்கு வந்தவள் வெள்ளைக் காரவன்களுக்குள் வழி தவறிவிட்டாள்.

என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். கிர்ஸ்டன் கையால் அமர்த்தினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஊவவின் முறைப்பாட்டை விசாரித்த அதே முகம். முறைப்படி நடக்க வேண்டும் என்றார். பிறகு, நான் அங்கே இல்லாததுபோல, பிள்ளையிடம் கேட்டார்.

"உன் அப்பா எப்படி இருப்பார்?"

ஜெனிற்றா குவளைக்குள் பார்த்துக்கொண்டு டேனிஷில் சொல்லத் தொடங்கினாள். பச்சை பூட்ஸ் போட்டிருப்பார். மீசை ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல். மேலில் சவர்க்கார மணம் வரும். ஒருவரும் இல்லை என்று நினைத்தால் கக்கூசுக்குள் நின்று மாதா பாட்டுப் பாடுவார், ஆனால் மேலே போகிற இடத்தில் சத்தம் உடைந்துவிடும். உப்புக் கேட்டால் உடனே தருவார். நிறையக் கறி சாப்பிடுவார்.

என்னை அவள் இவ்வளவு பார்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. 

கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டீர்கள்தானே, தாஸ். போய்த் தேடுங்கள்."

முறை என்றால் முறைதான். நான் போனேன். நேராகப் பின்கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்று, அங்கே மூக்கைச் சிந்தினேன், முகத்தைக் கழுவினேன், மீசையின் இரண்டு பக்கத்தையும் தடவிச் சரிபார்த்தேன். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மற்றப் பக்கத்தால் கொடிமரத்துக்கு வந்தேன்.

"கிடைத்துவிட்டாரா?" என்று கிர்ஸ்டன் கேட்டார்.

"கிடைத்துவிட்டார்" என்றேன்.

என்னைக் கொண்டுபோய் வாங்குக்கு முன்னால் நிறுத்தினார். அந்த வழக்கறிஞர் நின்ற அதே இடம். எனக்கு அந்தப் பொடியன் சொன்னது ஞாபகம் வந்தது. கிர்ஸ்டன் குனிந்து, "இவர்தான் உன் அப்பாவா?" என்று கேட்டார்.

ஜெனிற்றா மேலும் கீழும் பார்த்தாள். அவசரப்படவில்லை. மிச்சமிருந்த பழரசத்தைக் குடித்து முடித்தாள். பிறகு கிர்ஸ்டனுக்குப் பதில் சொல்லாமல், என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

"இவ்வளவு நேரமும் எங்கை போனனீங்கள், அப்பா?"

 அந்தக் கேள்விக்கு என்னிடம் பெரிய பதில்கள் எத்தனையோ இருந்தன. 

"கக்கூஸ் ஒண்டு அடைச்சுப்போச்சு, பிள்ளை" என்றேன்.

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். வாங்கிலிருந்து வழுக்கி இறங்கி வந்து, கையுறை கழற்றிய என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிர்ஸ்டனுக்குத் தமிழ் தெரியாது. முறைப்படி பிள்ளையின் பதில் அவருக்கு வேண்டியிருந்தது. என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார்.

"ஆம் என்கிறாள்" என்றேன்.

"நோ...ஓ" என்று நீளமாக இழுத்தார் கிர்ஸ்டன். பிறகு குவளையை என் மற்றக் கையில் தந்து, கழுவி வைக்கச் சொன்னார்.